வளவு முழுவதும் ஒரே படத்தில்: பல படங்களை ஒன்றாக்கும்போது கணினி என்ன செய்கிறது?

செட்டிநாட்டு வீடு ஒன்றின் முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமுமான பகுதிக்குள், கால்வைத்துக் கைப்பேசியைத் தூக்கிப் பாருங்கள். எங்கே நின்றாலும் வளவு முழுவதும் ஒரு படத்துக்குள் அடங்காது. எதிர்வரிசைத் தூண்கள் விழுந்தால் இந்தப் பக்கத்துத் தூண்கள் விடுபடும். நடுவில் கொட்டும் வெயில் சரியாக விழுந்தால் சுற்றுத் தாழ்வாரம் இருண்டுபோகும். அதனால்தான் இருபது முப்பது படங்களாக எடுத்து அனுப்புகிறோம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள் அவற்றைப் பார்த்துவிட்டு, எந்தக் கதவு எந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்று திரும்பக் கேட்கிறார்கள்.

இப்போது அந்த வேலையைச் செயலிகள் தாமாகவே செய்து தருகின்றன. படங்களைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரே பெரிய படம் வந்துவிடுகிறது. ஆனால் வந்த படத்தில் ஒரு தூண் குறைகிறது. இன்னொரு தூண் இடுப்பில் உடைந்ததுபோல் நிற்கிறது. தரைக் கல்லின் பூ பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவிக் கிடக்கும் இந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன, சில பிரிக்கப்படுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண்களும் நிலைகளும் வீட்டைவிட்டுப் பிரிந்து தனித்தனியே நிற்கின்றன. எந்த நிலை எங்கே இருந்தது என்பதற்குப் பல குடும்பங்களில் மிஞ்சப்போவது கைப்பேசிப் படம் மட்டுமே. ஆகவே அந்தப் படம் எப்படி உருவாகிறது, அதில் எதை நம்பலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்த்துவிடுவது நல்லது.

## ஒரே பெயரில் மூன்று வேலைகள்

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. செயலிகள் எல்லாவற்றையும் ‘கொலாஜ்’ என்றே அழைக்கின்றன. உண்மையில் அவை மூன்று வேறு வேலைகள்.

1. கட்டக் கொலாஜ். நான்கு அல்லது ஆறு கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒரு படமாக வைப்பது. திருமண ஆல்பத்தில் பார்ப்பது இதுதான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள தொடர்பை இது கணக்கில் எடுப்பதே இல்லை. இங்கே இதைப்பற்றிப் பேசப்போவதில்லை.

2. பனோரமா. ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்த படங்களை, தையல் தெரியாமல் ஒரே அகலப் படமாக்குவது. கலைத்துப்போட்ட படக் குவியலிலிருந்து எவை ஒன்றுசேரும் என்று தானாகவே கண்டுபிடித்து இணைக்கும் முறையை, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் 2003இல் வெளியிட்டார்கள்.

3. காட்சிக் கொலாஜ். ஒரே காட்சியைப் பல இடங்களில் நின்று எடுத்த படங்களை, மேசைமேல் அச்சுப் படங்களைப் பரப்புவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அடுக்குவது. படங்களின் விளிம்புகள் வெளியே தெரியும். ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1980களில் இதைக் கையாலேயே செய்து புகழ்பெற்றார். 2007இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைக் கணினியிடம் ஒப்படைக்கும் வழிகளைத் தனித்தனியே வெளியிட்டன: லிஹி செல்னிக்-மனோரும் பியெத்ரோ பெரோனாவும் ஒரு குழு, நொமுரா, லீ ஜாங், ஸ்ரீ நாயர் ஆகியோர் மற்றொன்று.

வளவுக்குப் பொருத்தமானது மூன்றாவதுதான். ஏன் என்று புரிய, இரண்டுக்கும் பொதுவான முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

## கணினி எதைப் பிடித்துக்கொள்கிறது?

இணைக்கும் கணினிக்குத் தூண் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை; கதவும் தெரிய வேண்டியதில்லை. இரண்டு படங்களிலும் இருக்கும் ஒரே புள்ளியைக் கண்டுபிடித்தால் போதும்.

ஒரு தாளில் காசு அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக வீட்டுப் படத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவரின்மேல் ஓட்டையை வைத்தால் வெறும் வெள்ளைதான் தெரியும். தாளை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அதே வெள்ளை. சுவரில் எந்த இடம் என்று சொல்ல முடியாது. உத்தரத்தின் விளிம்பில் வைத்தால் ஒரு கோடு தெரியும். மேலே கீழே நகர்த்தினால் மாற்றம் தெரிகிறது. விளிம்போடு சேர்த்து நகர்த்தினால் அதே கோடுதான். நிலைக்கதவில் செதுக்கிய கிளியின் அலகு நுனியில் வைத்தால்? எந்தப் பக்கம் சிறிது நகர்த்தினாலும் காட்சி மாறிவிடும். அந்த இடம் அந்த ஒரே இடம்தான்.

கணினி தேடுவது இந்த அலகு நுனிகளைத்தான். இவற்றை அடையாளப் புள்ளிகள் என்போம். ஒரு படத்தில் ஆயிரக்கணக்கில் அகப்படும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள ஒளி எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது என்பதை எண்களாக எழுதிவைக்கிறது. லோ 1999இல் அறிமுகப்படுத்தி 2004இல் விரிவாக எழுதிய ‘சிஃப்ட்’ முறையில் ஒரு புள்ளிக்கு 128 எண்கள். கேமராவைச் சாய்த்துப் பிடித்தாலும், இரண்டு அடி முன்னே போய் எடுத்தாலும் இந்த எண்கள் பெரிதாக மாறாதபடி அவர் அமைத்ததுதான் இதன் சிறப்பு. இதன் அமெரிக்கக் காப்புரிமை 2020இல் முடிந்துவிட்டதால் யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

இனி ஒப்பிட வேண்டியதுதான். 24 படங்கள் இருந்தால் 276 சோடிகள். ஒவ்வொரு சோடியிலும், ஒரு படத்துப் புள்ளியின் 128 எண்களுக்கு மிக நெருக்கமான எண்களைக் கொண்ட புள்ளி மற்றப் படத்தில் எது என்று தேடப்படுகிறது. அகப்பட்டால் அது ஓர் இணை.

## ஆத்தங்குடிக் கல் வைக்கும் சோதனை

இங்கேதான் நம் வீடுகள் கணினியைத் திணறவைக்கின்றன.

ஆத்தங்குடிக் கல் செய்யும் விதத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணாடித் தட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கண்ணாடியை விட்டுப் பிரியும்போது பளபளப்பு தானாக வந்துவிடுகிறது. ஒரே அச்சு, ஆகவே ஒரே பூ, தரை முழுவதும் நூற்றுக்கணக்கில். மனிதக் கண்ணுக்கு அது கம்பளம் விரித்ததுபோல் அழகு. கணினிக்கோ, நூறு வீடுகளுக்கும் ஒரே கதவு எண் எழுதிய தெருவில் கடிதம் கொடுக்கப் போன தபால்காரரின் நிலை.

இதற்கு லோ சொன்ன வழி எளியது. முதலில் நெருங்கும் பொருத்தத்தை மட்டும் பார்க்காதே, இரண்டாவதையும் பார். எண்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைத் தூரம் என்போம். முதலாவதன் தூரம் இரண்டாவதன் தூரத்தில் 0.8 பங்குக்குமேல் இருந்தால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கின்றன என்று பொருள். அந்த இணையைத் தள்ளிவிடு. இப்படிச் செய்தால் தரைக் கல் தரும் புள்ளிகளில் பெரும்பகுதி வெளியே போய்விடும். மிஞ்சுவது எது? விரிசல் விட்ட கல். இடையில் மாற்றிப் பதித்த, நிறம் சற்று வேறுபட்ட கல். எண்ணெய்க் கறை. கரைக்கல் திரும்பும் மூலை. கையால் செய்த கல் என்பதால் பூவுக்குப் பூ ஒரு நூலிழை வேறுபாடும் உண்டு. நெருக்கத்தில் எடுத்த படத்தில் அதுவும் உதவும். வீடு பார்க்க வருபவர்முன் பாய் போட்டு மறைக்கும் அந்த உடைந்த கல்லைத்தான் கணினி கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

## பொய் இணைகளைக் களைவது

வடிகட்டிய பிறகும் பொய் இணைகள் மிஞ்சும். அவற்றைக் களைய, மார்ட்டின் ஃபிஷ்லரும் ராபர்ட் போல்ஸும் 1981இல் சொன்ன ‘ரான்சாக்’ முறையே இன்றும் கைகொடுக்கிறது. குருட்டாம்போக்கில் சில இணைகளை எடுத்து, அவை உண்மை என்று வைத்துக்கொண்டு ஒரு படத்தை மற்றதன்மேல் பொருத்திப் பார்ப்பது. அந்தப் பொருத்தத்தை எத்தனை இணைகள் ஒப்புக்கொள்கின்றன என்று எண்ணுவது. மீண்டும் மீண்டும் செய்து, அதிக ஒப்புதல் பெற்றதை வைத்துக்கொள்வது.

எத்தனை இணைகள் எடுக்க வேண்டும் என்பது எவ்வகைப் பொருத்தம் என்பதைப் பொறுத்தது.

1. காட்சிக் கொலாஜில் படத்தை நகர்த்தலாம், சுழற்றலாம், பெரிதாக்கிச் சிறிதாக்கலாம், அவ்வளவுதான். பள்ளிக் கணக்கில் வடிவொத்த முக்கோணம் என்று படித்தோமே, அதே விதி. நான்கு எண்கள் தெரிந்தால் போதும். அதற்கு இரண்டு இணைகள் போதும்.

2. பனோரமாவில் படம் சரிவகமாக இழுபடவும் வேண்டும். எட்டு எண்கள், நான்கு இணைகள்.

இணைகளில் பாதி பொய் என்றால், எடுத்த இரண்டும் உண்மையாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கும் உண்மையாக இருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. ஒரு தடவையாவது சரியாக எடுத்திருப்போம் என்று 99 விழுக்காடு உறுதி வேண்டுமானால் முதலாவதில் 17 முயற்சி, இரண்டாவதில் 72. தரைக் கல்லின் குழப்பத்தில் ஐந்தில் ஒன்றுதான் உண்மை என்றாகிவிட்டால், முதலாவதற்கு 113 முயற்சி. இரண்டாவதற்கு ஏறத்தாழ 2,900. கொலாஜ் குழப்பமான காட்சியிலும் ஓரளவு தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பொய்கள் தம்முள் முரண்படும் என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. வளவில் பொய்கள் தம்முள் ஒத்துப்போகும்! ஒரே அளவுத் தூண்கள் சம இடைவெளியில் நிற்கின்றன. முதல் படத்தின் மூன்றாம் தூணை இரண்டாம் படத்தின் நான்காம் தூணாகக் கணினி எடுத்துக்கொண்டால், அடுத்த தூணும் அப்படியே ஒரு இடம் தள்ளிப் பொருந்தும். தரைக் கல்லும் அதற்கேற்பக் கல் கல்லாகத் தள்ளிப் பொருந்தக்கூடும். எல்லா இணைகளும் ஒரே குரலில் ஒப்புதல் தரும். முடிவில் வரும் படத்தில் எந்தப் பிசிறும் இருக்காது. ஒரு தூண் மட்டும் இருக்காது. தூண் காணாமல்போன படங்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். தவறுகளிலேயே இதுதான் ஆபத்தானது, பார்வைக்குத் தெரியாது என்பதால்.

## தூண் ஏன் உடைகிறது?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது, சாலையோரத்துப் புளியமரங்கள் பின்னால் பாய்கின்றன; தொலைவில் தெரியும் கோபுரம் கூடவே வருகிறது. பார்க்கும் இடம் மாறினால் பக்கத்துப் பொருள் அதிகமாகவும் தூரத்துப் பொருள் குறைவாகவும் நகர்வதாகத் தோன்றும். பாடநூல் இதை இடமாறு தோற்றப்பிழை என்கிறது.

வளவில் இதை எண்ணாகப் பார்ப்போம். படத்தின் அகலம் 4,000 பிக்சல், கேமராவின் கிடைமட்டப் பார்வைக் கோணம் 70 பாகை என்று கொள்வோம். இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு தூண். அதற்குப் பின்னால், ஆறு மீட்டர் தொலைவில் சுவர். கேமராவைத் திருப்பாமல் பக்கவாட்டில் 30 சென்டிமீட்டர், அதாவது சாதாரண ஒரு காலடிக்கும் குறைவாக, நகர்ந்து அடுத்த படம் எடுக்கிறோம். தூண் படத்தில் சுமார் 430 பிக்சல் நகரும். சுவர் சுமார் 140 பிக்சல்தான் நகரும். சுவரைப் பொருத்தினால் தூண் 290 பிக்சல் விலகி இரட்டையாகும். தூணைப் பொருத்தினால் சுவர் இரட்டையாகும். எப்படி இழுத்தாலும் இரண்டும் ஒருசேரப் பொருந்தா. இது செயலியின் குறைபாடு அல்ல, வடிவியலின் விதி.

பனோரமா பிழையின்றி அமைய இரண்டே வழிகள் உண்டு: கேமரா நின்ற புள்ளி மாறாமல் திரும்ப மட்டும் வேண்டும், அல்லது காட்சி சுவர்போல், தரைபோல் தட்டையாக இருக்க வேண்டும். வளவில் நடந்துகொண்டே எடுக்கும்போது இரண்டும் தவறிப்போகின்றன. அப்போதும் செயலி விடுவதில்லை. தூணைச் சுற்றி வளைத்து வெட்டித் தையலை மறைக்கிறது. பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் அடெல்சனும் 1983இல் தந்த கலவை முறையின் வழிவந்த உத்திகளால் நிற வேறுபாட்டைக் கரைக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். வீட்டின் ஆவணமாக அது எனக்கு ஏற்புடையதல்ல. எங்கே பொருந்தவில்லை என்ற தகவலையே அது அழித்துவிடுகிறது.

## கொலாஜ் எப்படிச் சமாளிக்கிறது?

காட்சிக் கொலாஜ் பொருந்தாமையை ஒப்புக்கொள்கிறது. எந்தப் படமும் வளைவதில்லை. ஒரு படத்துக்குள் இருக்கும் தூண் நேராகவே இருக்கும். படம் மாறும் விளிம்பில் மட்டும் சற்று விலகும். அந்த விலகலைப் பார்த்ததும் இங்கே இரண்டு பார்வைகள் சந்திக்கின்றன என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கணினிக்கு இதில் இரண்டு வேலைகள்.

முதலாவது, எல்லாப் படங்களையும் சேர்த்துச் சரிசெய்வது. ஒவ்வொரு இணைப்பிலும் அரைப் பாகைச் சாய்வு ஒரே பக்கமாக மிஞ்சினால், பன்னிரண்டு இணைப்புகளுக்குப் பிறகு கடைசிப் படம் ஆறு பாகை சாய்ந்து நிற்கும். ஆகவே பிழையை ஓரிடத்தில் குவியவிடாமல், ஒருமிக்கக் கணக்கிட்டு எல்லாவற்றிலும் பகிர்ந்துவிட வேண்டும்.

இரண்டாவதுதான் சுவையானது: எந்தப் படம் மேலே, எது கீழே? இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், மேலே இருக்கும் படத்தின் விளிம்புதான் தெரியும். அந்த விளிம்பு வெறும் சுவரின் குறுக்கே போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள்; தூணின் குறுக்கே போனால் தூண் உடைந்துவிடும். விளிம்பின் இருபுறமும் கோடுகள் தொடர்கின்றனவா என்று பார்த்து, தொடராத இடத்துக்கெல்லாம் அபராதம் போட்டு, மொத்த அபராதம் குறைவாக வரும் அடுக்கு வரிசையைத் தேட வேண்டும். 24 படங்களை அடுக்கும் வழிகள் சுமார் 6.2 × 10²³. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க இயலாது என்பதால், ஏதோ ஒரு வரிசையில் தொடங்கி, மேலும் கீழும் மாற்றி மாற்றி வைத்து அபராதத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கிடைப்பது நல்ல வரிசையாக இருக்கும்; மிகச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. தூண் விளிம்பில் உடைந்திருந்தால் அந்தப் படத்தைக் கையால் மேலே கொண்டுவந்து பார்ப்பது பலன் தரும்.

## எடுக்கும்போதே செய்ய வேண்டியவை

1. அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படியட்டும்.

2. வளவின் ஒரு பக்கத்துக்கு ஒரு கொலாஜ். நான்கு பக்கங்களையும் சுற்றி எடுத்து ஒரே தாளில் விரிக்கச் சொன்னால், எந்தக் கணக்காலும் சரியாக வராது.

3. தூண்களின் குழப்பத்தை நீங்களே உடையுங்கள். ஒரு தூணடியில் குத்துவிளக்கு, இன்னொன்றின் அருகே பித்தளை அண்டா, மற்றொன்றில் ஒரு நாற்காலி என்று வெவ்வேறு பொருள்களை வையுங்கள். எடுத்து முடிக்கும்வரை அவற்றை நகர்த்தக் கூடாது. ஒரு தூண் தள்ளிப் பொருந்தும் பிழையை இது பெரும்பாலும் தடுத்துவிடும்.

4. வெயில் வளவுக்குள் விழாத காலையிலோ மாலையிலோ எடுங்கள். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது; இருபது நிமிடம் எடுத்தால் ஐந்து பாகை. முற்றத்தின்மேல் போட்ட கம்பி வலையின் நிழல் தரையில் நகர்ந்திருக்கும். கூர்மையான நிழல் மூலைகளையும் கணினி அடையாளப் புள்ளிகளாக எடுத்துக்கொள்ளும்.

5. பெல்ஜியம் கண்ணாடிகளுக்கு நேரே நிற்காதீர்கள். கண்ணாடிக்குள் தெரியும் வளவு, கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு வளவு இருப்பதாகக் கணக்கில் சேரும்.

## வந்த படத்தை எதற்குப் பயன்படுத்தக் கூடாது?

அளவெடுக்கக் கூடாது. பொருத்துவதற்காக ஒவ்வொரு படமும் வெவ்வேறு விகிதத்தில் பெரிதாக்கப்பட்டிருக்கும்; கொலாஜில் ஒரு தூண் மற்றதைவிட உயரமாகத் தெரிவதற்குப் பொருளே இல்லை. பழுதுபார்க்கும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் நாடா பிடித்து அளந்த அளவைக் கொடுங்கள்.

எண்ணக் கூடாது. தூண், கல், கதவு எதுவானாலும் மூலப் படங்களில் எண்ணுங்கள். பாகப்பிரிவினைப் பேச்சில், இணைத்த படத்தைக் காட்டி அறையையும் தூணையும் கணக்கிடுவது தேவையற்ற மனக்கசப்பில் போய் முடியும்.

இதைவிட அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. படங்களைப் பொருத்தி அடுக்கியபின் ஓரங்களில் வெள்ளை இடம் மிஞ்சும். அதைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்பித் தரும் வசதி இப்போது பல செயலிகளில் வந்துவிட்டது. பக்கத்தில் பூக்கல் இருப்பதைப் பார்த்து, யாரும் பதிக்காத பூக்கல்லை அது வரைந்துவிடும்; இல்லாத இடத்தில் ஒரு தூணையும் நிறுத்திவிடும். இருபது ஆண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு எது வீடு, எது கற்பனை என்று பிரித்தறிய வழியில்லை. வீட்டைப் பதிவுசெய்யும்போது அந்த வசதியை அணைத்துவிடுங்கள். வெள்ளை ஓரம் அப்படியே இருக்கட்டும். அந்த இடத்தை யாரும் படமெடுக்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அதனால் ஒவ்வொரு வீட்டையும் யாரோ வந்து ஆவணப்படுத்திவிடுவார்கள் என்று காத்திருக்க முடியாது; அந்தந்தக் குடும்பம்தான் செய்ய வேண்டும். செய்யும்போது கொலாஜோடு மூலப் படங்கள் அத்தனையையும், எடுத்த தேதியோடு, குறைந்தது இரண்டு இடங்களில் வைத்திருங்கள். ஒரே இடத்தின் பல படங்களைத் தானாக இணைத்துக் காட்டிய மைக்ரோசாஃப்டின் ஃபோட்டோசிந்த் சேவை 2008இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு 2017இல் மூடப்பட்டது. அதில் ஏற்றிய காட்சிகளை அந்தத் தளத்தில் பிறகு பார்க்க முடியவில்லை. மூலப் படங்களைத் தம்மிடம் வைத்திருந்தவர்கள் அவற்றை வேறொரு மென்பொருளில் போட்டு மீண்டும் இணைத்துக்கொள்ள முடிந்தது.